கெட்டிமேளமும் பதமும்: செவ்வியல் இசையில் பிறக்கும் அங்கத அனிமேஷன்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடிப் படம் பார்த்துப் பேசுவோம். சென்ற முறை, மேற்கத்திய செவ்வியல் இசைக்கு வரையப்பட்ட ஓர் இத்தாலிய அனிமேஷன் படத்தின் சில பகுதிகளைப் பார்த்தோம். விளக்கைப் போட்டதும் மூன்று கருத்துகள் வந்தன. "கார்ட்டூனுக்குப் பின்னால் பெரிய இசையைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்" என்றார் ஒருவர். "செவ்வியல் இசையையே கிண்டல் செய்கிறார்களே, இது சரியா?" என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். மூன்றாமவர், பேரப்பிள்ளைகளை அழைத்து வந்திருக்கலாமே என்றார்.

மூவரும் நல்ல ரசிகர்கள். கச்சேரியில் தாளம் பிசகினால் முகம் சுளிப்பவர்கள். ஆனாலும் மூன்று கருத்துகளும் தவறானவை. இந்த வகைப் படங்களைப் பற்றி எங்கு பேச்சு வந்தாலும் இதே மூன்றும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அன்று இரவு எஸ்பிளனேடு பக்கம் நடந்துகொண்டே யோசித்தேன். நமக்குப் பழக்கமான கல்யாண மேளத்தையும் பரதநாட்டியத்தையும் வைத்தே இதை விளக்கிவிடலாம் என்று தோன்றியது.

கெட்டிமேளம் யாருக்காகக் காத்திருக்கிறது?

சிராங்கூன் சாலைக் கோயில் மண்டபம் ஒன்றில் நடக்கும் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரக்காரர் ஏதோ ஒரு ராகத்தை மெதுவாக வாசித்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். பெரியவர் ஒருவர் விரலை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்கிறார். அந்தக் கணத்தில் ராகம் நின்று தவில் முழங்குகிறது. இங்கே முதலில் நடப்பது செயல். இசை அதற்காகக் காத்திருந்து, சைகை கிடைத்ததும் ஓடி வருகிறது. தாலி கட்ட இரண்டு நிமிடம் தாமதமானால் இசையும் இரண்டு நிமிடம் பொறுத்திருக்கும்.

நாம் பார்க்கும் பெரும்பாலான திரைப்படங்களின் இசை இந்த வகையைச் சேர்ந்தது. முதலில் காட்சியை எடுத்து வெட்டி ஒட்டி முடிக்கிறார்கள்; பிறகு இசையமைப்பாளர் அதைப் பார்த்து இசை சேர்க்கிறார். அதைத்தான் பின்னணி இசை என்கிறோம்.

இப்போது ஒரு பரதநாட்டிய மேடைக்கு வாருங்கள். ஆடுபவர் பதம் என்ற அபிநயப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறார். பாட்டு எப்போதோ இயற்றப்பட்டது. ராகமும் தாளமும் முடிவானவை. "வரவில்லையே" என்று பாடகி ஒரே வரியை நான்கு முறை பாடுகிறார். ஆடுபவர் முதல் முறை வாசலைப் பார்க்கிறார். இரண்டாம் முறை தோழியிடம் முறையிடுகிறார். மூன்றாம் முறை பூச்சரத்தைக் கழற்றி எறிகிறார். நான்காம் முறை சிரித்துவிடுகிறார். பாட்டு இம்மியும் மாறவில்லை. கண்ணுக்குத் தெரிவதோ ஒவ்வொரு முறையும் வேறு கதை. தாமதமாக எறிந்தாலும் சீக்கிரம் எறிந்தாலும் பாட்டு பொறுக்காது. அவர்தான் பாட்டுக்குள் தன் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும்.

செவ்வியல் இசைக்கு வரையப்படும் அனிமேஷன் படம் இந்தப் பதத்தைப் போன்றது. இசை ஐம்பது, நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டு, ஒலிப்பதிவும் முடிந்து, மேசையில் காத்திருக்கிறது. ஓவியர் அதற்குள் தன் கதையைப் பொருத்துகிறார். ஆகவே, பின்னணி இசை என்ற சொல்லையே இங்கே எடுத்துவைத்துவிட வேண்டும்.

சுருக்கமாக: சாதாரணப் படத்தில் இசை காட்சியைப் பின்தொடர்கிறது. இந்தப் படங்களில் காட்சி இசையைப் பின்தொடர்கிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது.

அங்கதம்: புகழ்கிற குரலில் பழிப்பது

அடுத்த சொல் அங்கதம். மனிதரின் குறையை, பேராசையை, வீண் பெருமையைச் சிரிப்பின் வழியாகச் சுட்டிக்காட்டும் எழுத்துக்கோ கலைக்கோ அந்தப் பெயர். நையாண்டி என்ற சொல்லும் பத்திரிகைகளில் புழங்குகிறது. எனக்கு அங்கதம்தான் பிடிக்கும், ஏனெனில் அது மிகப் பழைய சொல். தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாகப் பழிப்பது ஒன்று, பழிப்பை மறைத்துச் சொல்வது மற்றொன்று. இரண்டாவதற்குப் பழிகரப்பு என்று பெயர்.

பழிகரப்புக்கு நம்மிடம் ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. அதியமானின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவை பாடுகிறார்: இங்கே உள்ள ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுப் பளபளக்கின்றன, அங்கே அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புறநானூற்றின் 95-ஆம் பாட்டு இது. காதுக்கு வருவது புகழ்ச்சி. கருத்துக்கு வருவது, உன் ஆயுதம் போரையே பார்த்ததில்லை என்ற குத்தல். ஔவை ஒரு சொல்கூடக் கடுமையாகப் பேசவில்லை. மேலே ஒலிக்கும் குரலுக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் குத்துகிறது.

செவ்வியல் இசையில் வரையப்படும் அங்கதப் படமும் இந்த இடைவெளியில்தான் வாழ்கிறது. இசை கம்பீரமாக, அழகாக, முகம் மாறாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். கண்முன் நடப்பது மனிதனின் சிறுமையாக இருக்கும். இசை ஔவையின் குரல். படம் அந்தக் குரலுக்கு அடியில் இருக்கும் பொருள்.

நம் நண்பரின் இரண்டாவது கருத்துக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. இசையைக் கிண்டல் செய்தால் இந்த வித்தையே நடக்காது. இசை உண்மையிலேயே உயர்ந்ததாக, முழு ஈடுபாட்டோடு வாசிக்கப்பட்டதாக இருந்தால்தான் அதற்குப் பக்கத்தில் மனிதனின் அற்பத்தனம் சிறுத்துத் தெரியும். சுமாராக வாசித்த இசையை வைத்து இதைச் செய்து பாருங்கள். இடைவெளி சுருங்கிவிடும், சிரிப்பும் போய்விடும்.

பகடி என்று இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குறிப்பிட்ட படைப்பின் நடையை அப்படியே எடுத்துக்கொண்டு அதையே திருப்பிக் காட்டுவது பகடி. அங்கதத்தின் இலக்கு மனிதகுணம். பகடியின் இலக்கு இன்னொரு கலைப்படைப்பு. நாங்கள் பார்த்த இத்தாலியப் படம் இரண்டையும் செய்கிறது. குழப்பமும் அதனால்தான்.

1940-உம் 1976-உம்

1940 நவம்பரில் நியூயார்க்கில் வால்ட் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' வெளியானது. பாக், சைக்கோவ்ஸ்கி, டூக்கா, ஸ்ட்ராவின்ஸ்கி, பீத்தோவன், பொங்கியெல்லி, முசோர்க்ஸ்கி, ஷூபர்ட் ஆகியோரின் இசைக்கு வரையப்பட்ட படம். நடத்துநர் லியோபோல்ட் ஸ்டொகாவ்ஸ்கி. பெரும்பகுதியை வாசித்தது பிலடெல்பியா இசைக்குழு. இசையை முதலில் பதிவுசெய்துவிட்டு அதற்கு வரைந்தார்கள். ஒலி அரங்கின் பல திசைகளிலிருந்தும் வர வேண்டும் என்பதற்காகத் தனியாக ஓர் ஒலியமைப்பையே உருவாக்கினார்கள். நீர்யானைகள் பாலே ஆடும் வேடிக்கைப் பகுதியும் அதில் உண்டு. ஆனால் படத்தின் மொத்தத் தொனி பக்தி: இதோ உயர்ந்த கலை, எழுந்து நின்று கேளுங்கள்.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1976-இல், மிலான் நகரைச் சேர்ந்த புரூனோ போட்செட்டோ 'அலெக்ரோ நோன் டிரோப்போ' என்ற படத்தைக் கொண்டுவந்தார். பெயரே ஓர் இசைக் குறிப்புதான். இசைத்தாளில் அந்தச் சொற்கள் இருந்தால் 'விரைவாக, ஆனால் மிதமிஞ்சாமல்' வாசிக்க வேண்டும் என்று பொருள். இத்தாலியப் பேச்சில் அலெக்ரோ என்றால் மகிழ்ச்சி. அப்போது பெயர் 'மகிழ்ச்சிதான், ஆனால் ரொம்ப இல்லை' என்றும் ஒலிக்கும். படம் முழுவதற்கும் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

அமைப்பு டிஸ்னியுடையதுதான்: ஆறு இசைத்துண்டுகள், நடுநடுவே மனிதர்கள் நடித்த காட்சிகள். ஆனால் ஃபேன்டேசியாவில் கம்பீரமான நிழலுருவங்களாக இசைக்கலைஞர்கள் வருவார்கள். இங்கே கறுப்பு வெள்ளையில் ஒரு மூதாட்டிகள் கூட்டம்தான் இசைக்குழு. நடத்துநர் முரடர். படம் வரைகிற ஓவியரையோ நிலவறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள்; வெளியே இழுத்து வந்து வரையச் சொல்கிறார்கள். இது டிஸ்னி படத்தின் பகடி. அதே நேரத்தில், உயர்ந்த கலை என்று மேடையில் புகழ்பவர்கள் அந்தக் கலையை உருவாக்குபவரை எப்படி நடத்துகிறார்கள் என்ற அங்கதமும் கூட. அந்த ஓவியரின் முகத்தைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது.

இது பெரியவர்களுக்கான படம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயதான காட்டுத்தேவன் ஒருவன் இளம்பெண்களைத் துரத்தி ஏமாறுவது முதல் துண்டின் கதை. நம் ஊரில் அனிமேஷன் என்றாலே பள்ளி விடுமுறை என்ற நினைப்பு இருக்கிறது. அனிமேஷன் என்பது படம் எடுக்கும் முறை மட்டுமே. ஒருவர் பென்சிலால் குழந்தைக் கதையும் எழுதலாம், உயிலும் எழுதலாம்.

பொலேரோ: மெதுவாக ஏறும் படிக்கட்டு

ஆறு துண்டுகளில் நான் மிக அதிகமாக யோசித்தது 'பொலேரோ' பகுதியைப் பற்றித்தான்.

மாரிஸ் ராவெல் 1928-இல் ஒரு பாலே நடனத்துக்காக எழுதிய இசை அது. ஏறத்தாழ 15 நிமிடம். ஒரு சிறு முரசு ஒரே தாளக்கட்டை வாசிக்கத் தொடங்குகிறது. கிட்டத்தட்ட கடைசிவரை அதையே வாசிக்கிறது, மொத்தம் 169 முறை. அதன்மேல் இரண்டே இரண்டு மெட்டுகள் மாறி மாறி வருகின்றன. வேகம் கூடுவதில்லை. கூடுவது வாத்தியங்களின் எண்ணிக்கையும் ஒலியின் அளவும் மட்டுமே. முதலில் ஒரே ஒரு புல்லாங்குழல். முடிவில் முழு இசைக்குழு. இப்படி ஒலி படிப்படியாக உயர்ந்துகொண்டே போவதற்கு கிரெசெண்டோ என்று பெயர். கோயிலில் ஆரத்தி நேரம் நெருங்க நெருங்க மணியோசை, சங்கொலி, தவில் என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறுமே, அந்த உணர்வுதான்.

இந்த ஏற்றம் கேட்பவரிடம் ஒரு வாக்குறுதி தருகிறது: ஏதோ பெரியது வந்துகொண்டிருக்கிறது. போட்செட்டோ அந்த வாக்குறுதியை எடுத்துக்கொள்கிறார். விண்கலத்தில் வந்தவர்கள் ஒரு வெறும் கோளில் கோக்கோ கோலா புட்டி ஒன்றை விட்டுச் செல்கிறார்கள். புட்டியின் அடியில் மிச்சமிருக்கும் சில துளிப் பானத்துக்கு உயிர் வருகிறது. அது வெளியே வழிகிறது, உருமாறுகிறது, கண் முளைக்கிறது, கால் முளைக்கிறது, ஒன்றையொன்று விழுங்குகிறது. விதவிதமான பிராணிகள் முரசின் தாளத்தில் அணிவகுத்து நடக்கின்றன. அவற்றுக்கு நடுவே தந்திரமான ஒரு குரங்கு. பிறகு மனித வரலாற்றின் சின்னங்கள் வருகின்றன, போர் வருகிறது, நிலத்தைப் பிளந்துகொண்டு வானளாவிய கட்டடங்கள் எழுகின்றன. கடைசியில் மாபெரும் மனிதச் சிலை ஒன்று நிற்கிறது. சிலை உடைகிறது. உள்ளே இருப்பது அந்தக் குரங்கு.

ஃபேன்டேசியாவைப் பார்த்தவர்களுக்கு இங்கே இன்னொரு மணியும் அடிக்கும். அதில் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்குப் பூமியின் தோற்றத்தையும் டைனசோர்களின் அழிவையும் மிக மரியாதையோடு வரைந்திருந்தார்கள். அதே கதை இங்கே குடித்துவிட்டு எறிந்த எச்சிலில் தொடங்குகிறது.

இதில் நான் மிகவும் வியப்பது முரசைத்தான். பிராணிகள் ஒன்றையொன்று தின்னும்போதும் முரசு மாறுவதில்லை. போர் நடக்கும்போதும் மாறுவதில்லை. இசை எதையும் கண்டிப்பதில்லை, எதற்கும் அழுவதில்லை. மேலே மேலே போகிறோம் என்று மட்டும் சொல்கிறது. காது முன்னேற்றம் என்கிறது. கண் முன்னேறியவன் யார் என்று காட்டுகிறது. சோகமான இசையைப் போட்டிருந்தால் நாம் ஒரு கணம் பரிதாபப்பட்டுவிட்டு எழுந்து போயிருப்போம். வெற்றி இசையைப் போட்டதால்தான் வெட்கம் வருகிறது.

சுருக்கமாக: இசை ஒரு வாக்குறுதி தருகிறது, படம் அதை வேறு விதமாக நிறைவேற்றுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்வையாளர் தாமே அளந்துகொள்கிறார். அங்கதம் அங்கே பிறக்கிறது.

ஒரு விநாடியில் 24 சட்டகங்கள்

இதெல்லாம் கருத்து. கை வேலை எப்படி நடக்கிறது? என் அக்கா மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறாள். எனக்குப் பாடம் எடுத்தவள் அவள்தான். "மாமா, முதலில் தாளத்தைக் கணக்காக மாற்ற வேண்டும்" என்று சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்தாள்.

திரைப்படம் என்பது அசையாத படங்களின் வரிசை. அந்தத் தனித்தனிப் படங்களுக்குச் சட்டகம் என்று பெயர். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440. இசையில் நிமிடத்துக்கு 120 தட்டுகள் விழுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,440-ஐ 120-ஆல் வகுத்தால் 12. அதாவது ஒவ்வொரு பன்னிரண்டாவது சட்டகத்திலும் ஒரு தட்டு. நிமிடத்துக்கு 72 தட்டு என்றால் இருபது சட்டகத்துக்கு ஒன்று. நம் ஆதி தாளத்தை விநாடிக்கு ஒரு தட்டு என்று நிதானமாகப் போட்டால், எட்டுத் தட்டுக்கு ஓர் ஆவர்த்தனம், 192 சட்டகம். கதாபாத்திரத்தின் கால் தரையில் படும் படம் தட்டு விழும் சட்டகத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அடிப்படை.

ஆனால் செவ்வியல் இசை கடிகாரம்போல ஓடுவதில்லை. நல்ல வயலின் கலைஞர் ஒரு சுரத்தில் சற்றே தங்குவார், அடுத்ததில் ஈடுகட்டுவார். ஆகவே வெறும் வகுத்தல் கணக்கு போதாது. பதிவான இசையைத் துளித்துளியாகக் கேட்டு, எந்தத் தட்டு எந்தச் சட்டகத்தில் விழுகிறது, எங்கே கொம்பு வாத்தியம் நுழைகிறது, எங்கே மௌனம் என்று ஒரு நீண்ட அட்டவணையில் குறிக்கிறார்கள். அதை எக்ஸ்போஷர் ஷீட் என்பார்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு சட்டகம். தையல்காரர் அளவெடுத்துத் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போடுவதுபோல, வரைவதற்கு முன்பே முழு இசைக்கும் கோடு போட்டாகிவிடும். பிறகு முக்கியமான தட்டுகளில் விழும் படங்களை மூத்த ஓவியர் வரைகிறார். இடைப்பட்டவற்றை மற்றவர்கள் நிரப்புகிறார்கள்.

வேலை எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு வைத்துச் சமாளிப்பார்கள். அப்படியானால் விநாடிக்கு 12 படம். மூன்று நிமிட இசைக்கு 2,160 படங்கள். ஓரிடத்தில் ஒருவன் தும்முவது நான்கு சட்டகம் தள்ளிப்போனால், அந்தத் தும்மல் செத்துவிடும். "ஒலிக்கு ஓரிரு சட்டகம் முன்னால் படம் வந்தால்தான் ஒன்றாக விழுவதுபோல் இருக்கும், மாமா" என்றாள். மேசையைத் தட்டிக் காட்டினாள். கை இறங்குவதைக் கண் முதலில் பார்க்கிறது, பிறகுதான் ஓசை என்று நம் பழக்கம் எதிர்பார்க்கிறதாம்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் அசைவு என்று வைத்துவிட்டால், பூனை அடி வைக்கும்போதெல்லாம் 'டிங்' என்று ஒலிக்கும் பழைய துண்டுப்படம்போல ஆகிவிடும். இந்த முறைக்கு, டிஸ்னியின் எலியின் பெயரிலேயே, மிக்கி மவுசிங் என்று பெயர். துரத்தல் காட்சிக்கு அது பொருத்தம். அங்கதத்துக்கு அது மட்டுமே போதாது. படம் எல்லா இடத்திலும் இசைக்குக் கீழ்ப்படிந்தால் இடைவெளி எங்கே இருக்கும்? கைதேர்ந்தவர்கள் முக்கால்வாசி நேரம் இசையோடு ஒட்டிப் போகிறார்கள், நம்பிக்கை பிறக்கும்வரை. பிறகு ஓரிடத்தில் கையை விடுகிறார்கள்.

பூனை

இந்த வகைப் படம் முழுக்கச் சிரிப்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. அலெக்ரோவில் பின்லாந்தின் சிபேலியஸ் எழுதிய 'சோக வால்ட்ஸ்' வருகிறது. வால்ட்ஸ் என்பது ஒன்று-இரண்டு-மூன்று என்று மூன்றடியில் சுழலும் நடன இசை. நம் திஸ்ர நடையை நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு பாழடைந்த பெரிய வீடு. அதில் ஒரு பூனை, முகத்தில் பாதியளவுக்குக் கண்கள். அது அறை அறையாக அலைகிறது. பார்க்கும் இடத்திலெல்லாம் பழைய வாழ்க்கை உயிர்பெறுகிறது: மனிதர்கள், சாப்பாடு, மடி, வெளிச்சம். பூனை ஓடிப்போய்த் தொட்டால் ஒன்றும் இல்லை, இடிந்த சுவர். கடைசியில் பூனையும் கரைந்து போகிறது. வீட்டை இடித்துத் தள்ளுகிறார்கள்.

சிபேலியஸ் இந்த இசையை 1903-இல் ஒரு நாடகத்துக்காக எழுதினார். நோயில் கிடக்கும் தாய் ஒருத்தி, கனவில்போல எழுந்து, நிழல் விருந்தினரோடு நடனமாடுகிறாள். இறுதியில் மரணம் கதவைத் தட்டுகிறது. போட்செட்டோ தாயை எடுத்துவிட்டுப் பூனையை வைத்தார். நிழல் விருந்தினரை மட்டும் அப்படியே விட்டுவைத்தார். இசையின் உள்ளே போனவரால்தான் இப்படிச் செய்ய முடியும். இசையைக் கேலி செய்கிறார் என்ற பேச்சு எனக்கு வருத்தம் தருவது அதனால்தான்.

இந்தப் பகுதியை வீட்டில் ஓடவிட்டபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு மேற்கத்திய இசை பழக்கமில்லை. கையில் கீரையோடு அப்படியே பார்த்தார். முடிந்ததும், "ரோச்சோர் சென்டர் மாதிரி இருக்கிறது" என்றார். நான்கு வண்ணங்களில் நின்ற அந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடங்களில் அவருடைய தோழி இருந்தார். விரைவுச்சாலைக்காக 2018-இல் அவற்றை இடித்தார்கள். குடியிருந்தோர் போன பிறகு கீழ்த்தளத்துப் பூனைகளுக்கு என்ன ஆயிற்று என்று அம்மா அப்போதே கேட்டிருந்தார். எனக்குத்தான் அது மறந்துபோயிருந்தது.

அங்கதம் எங்கே இருக்கிறது இதில் என்று கேட்டால், தனியாக இல்லை. சிரிக்க வைக்கும் ஐந்து துண்டுகளுக்கு நடுவே வருவதால், நாம் எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம், அதனால் யாருக்கு வலித்தது என்று இந்தப் பூனை காட்டிவிடுகிறது.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். துவோர்ஷாக்கின் நடன இசைக்கு, தனியாகக் குடிசை கட்டிக்கொள்ளும் ஒருவனும் அவன் செய்வதையெல்லாம் அப்படியே நகல் எடுக்கும் கூட்டமும் வருகிறார்கள். முடிவை நான் சொல்லப்போவதில்லை. விவால்டிக்கு, பூவில் விருந்துண்ண உட்காரும் ஒரு தேனீயும் அதற்கு இடைஞ்சலாகப் புல்லில் புரளும் காதலர்களும். ஸ்ட்ராவின்ஸ்கிக்கு, ஆதாமும் ஏவாளும் வேண்டாம் என்று சொன்ன ஆப்பிளைத் தானே விழுங்கிவிட்டு நவீன உலகின் ஆசைகளில் மாட்டிக்கொள்ளும் பாம்பு.

ஏன் செவ்வியல் இசை?

காரணம் எளிது: சொல் இல்லை. பாடல் வரி இருந்தால் அது பொருளைக் கட்டிப்போட்டுவிடும். இத்தகைய வாத்திய இசை உணர்வை மட்டும் தருகிறது, பொருளைப் படத்திடம் விட்டுவிடுகிறது. அத்தோடு அதற்கு நீண்ட மூச்சு உண்டு. ஏறும், தயங்கும், திரும்பும், விழும். கதைக்கு வேண்டிய எலும்புக்கூடு உள்ளேயே இருக்கிறது.

செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் பொதுவாக, இசையை இயற்றியவர் மறைந்து 70 ஆண்டுகள் ஆனபின் அந்த இயற்றலுக்குப் பதிப்புரிமை இல்லை. ராவெல் மறைந்தது 1937-இல். ஆனால் ஓர் இசைக்குழு அதை வாசித்துப் பதிவுசெய்தால் அந்த ஒலிப்பதிவுக்கு வேறு உரிமை உண்டு. இயற்றல் வேறு, பதிவு வேறு.

நம் இசையில் செய்ய முடியாதா?

சமூக மன்றத்தில் யாரும் கேட்காத கேள்வி இது. நான் எதிர்பார்த்த கேள்வியும் இதுதான்.

கர்நாடக இசையின் பெரும்பகுதி பக்திச் சாகித்தியம். தியாகராஜரின் கீர்த்தனையை எடுத்து அதன்மேல் மனிதனின் பேராசையை வரைந்தால், சொல் குறுக்கே நிற்கும். கேட்பவர் மனமும் புண்படும். நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். ஆனால் தனி ஆவர்த்தனம் இருக்கிறது. மிருதங்கமும் கடமும் மட்டும் பேசும் நேரம், சொல்லே கிடையாது. அதன் முடிவில் வரும் கோர்வை, அங்கதத்துக்கென்றே செய்ததுபோல இருக்கிறது.

கோர்வை என்பது ஒரு தாளக் கோலம். அதை மூன்று முறை வாசித்து, மூன்றாவது முடியும் இடத்தில் சரியாகத் தாளத்தின் தொடக்கத்தில் வந்து விழுவார்கள். அந்த இடத்துக்குச் சமம் என்று பெயர். முதல் முறை கேட்கும்போது புதிர். இரண்டாம் முறை பிடிபடுகிறது. மூன்றாம் முறை அரங்கமே தொடையில் தட்டிக்கொண்டு அந்த விழும் இடத்துக்காகக் காத்திருக்கிறது. பொலேரோ பதினைந்து நிமிடத்தில் தரும் வாக்குறுதியைக் கோர்வை இருபது விநாடியில் தந்துவிடுகிறது. எங்கே விழும் என்று எல்லாருக்கும் தெரியும். யார் விழுவார் என்பதை ஓவியர் முடிவுசெய்யலாம்.

அக்கா மகள் இப்போது அதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறாள். மொத்தம் நாற்பது விநாடி. மிருதங்கம் வாசித்துத் தந்தது அவளுடைய தோழி, ஆகவே பதிவு உரிமைச் சிக்கலும் இல்லை. இடம் தேக்கா நிலையத்தின் உணவங்காடி, மதிய நேரம். ஒருவர் காலி மேசையில், இடம் பிடித்ததற்கு அடையாளமாக, ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு வரிசையில் நிற்கப் போகிறார். கோர்வை தொடங்குகிறது. தட்டைக் கையில் ஏந்திய ஒரு மூதாட்டி வருகிறார், பாக்கெட்டைப் பார்க்கிறார், நகர்ந்துபோகிறார். இரண்டாம் முறை, கைக்குழந்தையோடு ஒரு தாய். அவரும் பார்க்கிறார், நகர்கிறார். மூன்றாம் முறை யாரும் வருவதில்லை. நாற்காலி மட்டும் காலியாக இருக்கிறது, மிருதங்கம் விரைகிறது, எல்லாரும் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள்.

சமத்தில் ஒரு மைனா வந்து மேசையில் இறங்குகிறது. அதற்கு மட்டும் டிஷ்யூ பாக்கெட் என்றால் என்ன என்று தெரியாது. இறங்கும் கால் இப்போது மூன்று சட்டகம் தாமதமாக இருக்கிறதாம். நேற்று இரவு பதினொரு மணிக்கு அவள் அந்தக் காலை மறுபடியும் வரையத் தொடங்கியிருந்தாள்.